முதல் படம் பார்த்த கண்

‘பிஃபோர் சன்ரைஸ்’ (1995) படத்தில் ஒரு டிராம் காட்சி உண்டு. அன்றுதான் அறிமுகமான ஜெஸ்ஸியும் செலீனும் வியன்னா நகரத்து டிராமில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு போகிறார்கள். செலீனின் முடி முகத்தில் விழுகிறது. ஒதுக்கிவிடலாமா என்று ஜெஸ்ஸியின் கை எழுகிறது. அவள் பார்ப்பதற்குள் பின்வாங்கிவிடுகிறது. கண் சிமிட்டினால் தவறிப்போகும். ஒன்பது வருஷம் கழித்து வந்த ‘பிஃபோர் சன்செட்’டில் (2004) பாரிஸ் தெருவில் ஓடும் ஒரு காருக்குள் ஜெஸ்ஸி தன் மணவாழ்க்கையின் வறட்சியைச் சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்புகிறான். இப்போது எழுவது செலீனின் கை. அவன் தலையைத் தொடப்போகிறது. அவன் திரும்பியதும் சட்டென்று மடங்கிக்கொள்கிறது. வசனத்தில் இதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. முன்பு இப்படித்தானே நடந்தது என்று இயக்குநர் ரிச்சர்ட் லிங்க்லேட்டர் பழைய காட்சியை எடுத்துப் போட்டுக் காட்டவும் இல்லை. முதல் படம் பார்த்த கண்ணுக்கு மட்டும் அந்த இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன.

இரண்டாம் பாகங்களை வரிசைப்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் வசூலையும் பிரமாண்டத்தையும் அளப்பார்கள். கொஞ்சம் நிதானமானவர்கள், முதல் படத்தைவிட நன்றாக இருக்கிறதா என்று கேட்பார்கள். எனக்கு இரண்டுமே போதவில்லை. இரண்டாவதைப் பார்த்த பிறகு முதல் படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் அதில் ஏதாவது மாறியிருக்கிறதா? ஒரு பழைய கையசைவுக்கு, ஒரு பழைய கதவுக்கு, தூரத்தில் கேட்ட ஒரு சத்தத்துக்குப் புதிதாக அர்த்தம் ஏறியிருக்கிறதா? இதுதான் என் அளவுகோல். இதை வைத்துப் பார்த்தால் ஒரே கதையை இரண்டாக வெட்டித் தந்த படங்கள் தாமாகவே வெளியே போய்விடும். ‘பாகுபலி’யும் ‘பொன்னியின் செல்வ’னும் எவ்வளவு ருசித்தாலும், அங்கே இரண்டாம் பாகம் என்பது ரொம்ப நீண்ட இடைவேளைக்குப் பிறகு வரும் பிற்பாதி.

இந்த அளவுகோலுக்குச் சுலபமான உதாரணம் ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ (1980). டார்த் வேடர் தான்தான் லூக்கின் தந்தை என்று சொல்லும் இடம், படம் பார்க்காதவர்களுக்கும் தெரிந்த விஷயம். ரகசியம் கசியாமலிருக்கப் படப்பிடிப்பில் வேடரின் கவசத்துக்குள் நின்ற நடிகருக்கு வேறு வசனம் கொடுத்தார்கள். லூக்காக நடித்த மார்க் ஹாமிலிடம் கடைசி நேரத்தில்தான் உண்மையைச் சொன்னார்கள். நான் ருசிப்பது அதற்கு மூன்று வருஷம் முந்தைய ஓர் இடத்தை. முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில், அப்பா எப்படி இறந்தார் என்று லூக் கேட்கிறான். ஓபி-வானாக நடித்த அலெக் கின்னஸ் உடனே பதில் சொல்வதில்லை. சற்றே தயங்கிவிட்டு, வேடர் கொன்றுவிட்டான் என்கிறார். 1977இல் அது ஒரு முதியவரின் துக்கம். 1980க்குப் பிறகு பார்த்தால், பையனிடம் எவ்வளவு சொல்லலாம் என்று யோசிப்பவரின் தயக்கம். நடிகர் விட்ட மூச்சுக்கு மூன்று வருஷம் கழித்து வந்த படம் வேறு பொருள் எழுதிவிட்டது.

‘டெர்மினேட்டர் 2’ (1991) இதையே விளையாட்டாகச் செய்கிறது. முதல் படத்தில் கொல்ல வந்த அதே உடம்பு, வணிக வளாகத்தின் ஒடுங்கிய நடைபாதையில் பூப்பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, சிந்திய ரோஜாக்களை மிதித்தபடி வருகிறது. எதிர்ப்பக்கம் போலீஸ் உடுப்பில் ஒல்லியாக ஒருவன். நடுவில் சிறுவன். முதல் படம் நமக்குப் பழக்கிவைத்த பயமும், காக்கும் உடுப்பின் மேல் இருக்கும் நம்பிக்கையும் ஒரே நொடியில் இடம் மாறுகின்றன. இந்தத் திருப்பத்தை விளம்பரத்திலேயே போட்டு உடைத்த புத்திசாலிகள் யாரோ!

என் வரிசையில் ‘பிஃபோர் சன்செட்’டுக்கு மூன்றாவது இடம் கொடுக்கிறேன். சுமார் 80 நிமிஷப் படம். கதையில் கழியும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். லிங்க்லேட்டரோடு நடிகர்கள் ஈத்தன் ஹாக்கும் ஜூலி டெல்பியும் சேர்ந்தே எழுதிய திரைக்கதை என்பதால், பேச்சு யாரோ எழுதிக்கொடுத்ததுபோல் இல்லை. ஓயாமல் பேசும் இந்த இருவரும் கடைசியில் அவள் வீட்டுக்குப் படியேறும்போது பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். சுற்றிச் சுற்றிப் போகும் படிக்கட்டு, காலடிச் சத்தம், அவ்வளவுதான். அந்த மௌனத்தில் ஒன்பது வருஷம் முழுவதும் கேட்கிறது. ஒப்பனையால் வயதேற்றிய முகங்களாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. இருவரும் நிஜமாகவே ஒன்பது வயது கூடிவந்து நிற்கிறார்கள். கன்னம் ஒட்டியிருக்கிறது, நெற்றியில் கோடு விழுந்திருக்கிறது.

இரண்டாவது இடம் ‘காட்ஃபாதர் 2’க்கு (1974). பலருக்கு இதுதான் முதலிடம். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதை வாங்கிய முதல் தொடர்ச்சிப் படம் என்ற பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். முதல் படம் எப்படி முடிந்தது என்று நினைத்துப் பாருங்கள். கணவன் சொன்ன பொய்யை நம்பிவிட்டு அடுத்த அறைக்கு வந்த கே, அங்கிருந்து திரும்பிப் பார்க்கிறாள். ஆட்கள் மைக்கேலின் கையை முத்தமிடுகிறார்கள். அடியாள் வந்து கதவைச் சாத்துகிறான். அவள் முகம் மறைகிறது. இரண்டாம் படத்தில் பிரிந்துபோய்விட்ட கே, பிள்ளைகளைப் பார்க்கத் திருட்டுத்தனமாக வந்து, பின்வாசலில் மகனிடம் ஒரு முத்தத்துக்காகக் கெஞ்சிக்கொண்டு நிற்கிறாள். மைக்கேல் உள்ளே வருகிறான். ஒன்றும் பேசாமல் நடந்துபோய் அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறான். முன்பு அதற்கு ஓர் ஆள் இருந்தான்; இப்போது அவனே செய்கிறான். இந்த ஒரு வித்தியாசத்தில் அவன் எவ்வளவு தூரம் போய்விட்டான் என்று இயக்குநர் கொப்போலா சொல்லிவிடுகிறார்.

மைக்கேலின் அப்பா வீட்டோவாக, இளம் வயதில் வரும் ராபர்ட் டி நீரோவின் பகுதிகளில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு பேரிக்காய். மளிகைக் கடை வேலை போய்விட்டது. வீட்டுக்கு வருகிறவன் அதைச் சொல்லாமல், பொட்டலத்திலிருந்து ஒரே ஒரு பேரிக்காயை எடுத்து மேசையில் வைக்கிறான். மனைவி பூரித்துப்போகிறாள். குற்ற சாம்ராஜ்யத்தின் ஆரம்பம் அந்தப் பழத்தில் இருக்கிறது. பிறகு அவன் பேட்டை ரவுடி ஃபனூச்சியைச் சுட்டுவிட்டு, துப்பாக்கியை உடைத்துத் துண்டு துண்டாகக் கூரைப் புகைபோக்கிகளுக்குள் போட்டுவிட்டுக் கீழே இறங்கி, திருவிழாச் சத்தத்துக்கு நடுவே வாசற்படியில் உட்கார்ந்து, கைக்குழந்தை மைக்கேலை மடியில் வாங்கிக்கொள்கிறான். கொலை செய்த கையின் சூடு ஆறியிருக்காது. முதல் படத்தில் மைக்கேல் உணவகத்தில் சுட்டுவிட்டுத் துப்பாக்கியைக் கையிலிருந்து நழுவவிடும் காட்சியை இதற்குப் பிறகு பார்த்தால், பரம்பரைச் சொத்து கைமாறுவது போல இருக்கிறது. ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் அப்பாவின் காலத்துக்குத் தேன் நிறமும் மகனின் காலத்துக்குக் குளிரும் கொடுத்து, இரண்டையும் பேச்சில்லாமலேயே ஒப்பிட வைக்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேல், படத்தின் கடைசியில் வரும் சாப்பாட்டு மேசைக் காட்சி. 1941 டிசம்பர் 7, அப்பாவின் பிறந்தநாள். பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்த நாளும் அதுவே. ராணுவத்தில் சேர்ந்துவிட்டேன் என்கிறான் மைக்கேல். அண்ணன் சன்னி பொங்கி எழுகிறான். அந்த மேசையில் கை நீட்டி வாழ்த்துச் சொல்கிறவன் ஒருவன்தான்: ஃப்ரெடோ. சற்று முன்புதான், ஏரிப் படகில் அந்த ஃப்ரெடோவை, தம்பி மைக்கேலின் உத்தரவுப்படி சுட்டுக் கொன்றதைப் பார்த்திருக்கிறோம். இந்த அடுக்கைக் கண்டுபிடித்தவருக்கு என்ன கொடுத்தாலும் தகும். அந்தக் காட்சிக்கு மார்லன் பிராண்டோ வரவில்லை. அதனால் அப்பா வாசலில் வந்துவிட்டார் என்று எல்லாரும் எழுந்து ஓட, குரல்கள் மட்டும் வெளியிலிருந்து கேட்க, மைக்கேல் தனியே மேசையில் உட்கார்ந்திருக்கிறான். பிராண்டோ வந்திருந்தால் காட்சி இவ்வளவு நன்றாக அமைந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஃப்ரெடோவாக நடித்த ஜான் கஸால் நடித்த முழுநீளப் படங்கள் மொத்தம் ஐந்து. ஐந்துமே சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றவை. இதை எங்காவது சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு எப்போதும் ஓர் ஆசை.

இனி என் முதலிடம். சத்யஜித் ரேயின் ‘அபராஜிதோ’, 1956.

‘பதேர் பாஞ்சாலி’யை எடுத்தபோது ரே மூன்று படங்களாகத் திட்டமிடவில்லை. அது ஓடிய பிறகுதான் பிபூதிபூஷண் பந்தோபாத்யாயாவின் நாவல்களில் மீதியிருந்த கதைக்குத் திரும்பினார். நாவலில் ஓர் இடம் வருகிறது: அம்மா இறந்த செய்தி கேட்டதும் கதைநாயகன் அபுவுக்கு முதலில் தோன்றியது ஒருவித விடுதலை உணர்ச்சி. துணிச்சலான அந்த இடந்தான் தன்னை இழுத்தது என்று ரே சொல்லியிருக்கிறார். தாய்ப்பாசத்தின்மேல் கை வைத்த படத்தை வங்காளத்து ரசிகர்கள் அப்போது ஏற்கவில்லை, வசூலில் தோல்வி. மறுவருஷம் வெனிஸ் விழா அதற்குத் தங்கச் சிங்கம் கொடுத்தது.

முதல் படத்தில் ரயில் என்றால் என்ன? ராத்திரியில் தூரத்தில் கேட்கும் ஊதல். நாணல் பூத்த வெளியில் அக்காவும் தம்பியும் ஓடிப்போய்ப் பார்க்கும் கரும்புகை. காய்ச்சலில் கிடக்கும் அக்கா துர்கா, உடம்பு சரியானதும் போய்ப் பார்ப்போம் என்று தம்பியிடம் சொல்வது. இரண்டாம் படம் ரயிலுக்குள்ளிருந்தே தொடங்குகிறது. கங்கைப் பாலத்தின் இரும்புச் சட்டங்கள் கண்முன் ஓட, காசி தெரிகிறது. அப்பா ஹரிஹர் காசியில் இறந்தபின் அம்மா சர்பஜயா ஒரு பணக்கார வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்கிறாள். ஒருநாள் படியிறங்கி வருகிறவள், எஜமானருக்குப் புகைக்க எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும் மகனைப் பார்த்து நின்றுவிடுகிறாள். சர்பஜயாவாக நடித்த கருணா பானர்ஜியின் முகத்தில் ஒன்றும் பெரிதாக மாறுவதில்லை. ரயில் ஊதல் கேட்கிறது. அடுத்த கணம் இருவரும் ரயிலில். முடிவெடுத்ததாக அவள் யாரிடமும் சொல்வதில்லை, நமக்கும்தான். அந்தப் பயணத்தில் ஜன்னலுக்கு வெளியே நிலம் மாறிக்கொண்டே வந்து, பச்சை தெரியத் தொடங்கும் இடத்தில் ‘பதேர் பாஞ்சாலி’யின் இசையை ரவிசங்கர் எழுப்புகிறார். வங்காளம் வந்துவிட்டது. சர்பஜயாவின் முகம் மலர்கிறது. முதல் படத்தின் புகழ்பெற்ற இசை கையில் இருந்தும் அதை அங்கங்கே தெளிக்காமல் இந்த ஒரு மலர்ச்சிக்காகச் சேர்த்து வைத்திருக்கிறார்களே, அந்தச் சிக்கனத்தை எண்ணி எண்ணி வியக்கலாம்.

அபு வளர்கிறான், படிக்கக் கல்கத்தா போகிறான், தலைமையாசிரியர் கொடுத்த பூகோள உருண்டையோடு. பகலில் கல்லூரி, இரவில் அச்சகத்தில் வேலை. விடுமுறைக்கு வந்தவனிடம், எனக்கு உடம்பு முடியாமல் போனால் வந்து பார்த்துக்கொள்வாயா என்று அம்மா மெல்லக் கேட்கிறாள். பதில் இல்லை, பையன் தூங்கிவிட்டான். வேறு இயக்குநராக இருந்தால் அங்கே வயலின் அழுதிருக்கும். கல்கத்தாவுக்குக் கிளம்பி ஸ்டேஷன் வரை போனவன் ரயில் வந்தும் ஏறாமல் திரும்பி வருகிறான். ரயிலைத் தவறவிட்டுவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்கிறான். அந்தப் பொய் அவன் அவளுக்குக் கொடுக்கும் ஒரே பரிசு. அவள் அதை நம்பினாளா, நம்புவதுபோல இருந்தாளா? முகத்தில் சந்தோஷம் மட்டும் தெரிகிறது. மற்றதை ரே நம்மிடம் விட்டுவிடுகிறார்.

அதன்பின் ரயில் அவளுடையதாகிறது. நோயில் இளைத்தவள் வாசலில் உட்கார்ந்திருக்க, அடிவானத்தில் ஒரு கோடாக ரயில் போகிறது. அதில் அவன் வரவில்லை. முதல் படத்தில் ஆசையாக இருந்த சத்தம் இங்கே காத்திருப்பாக மாறியிருக்கிறது. திரும்பப் போய் அந்த நாணல் காட்டைப் பார்த்தால், ஓடுகிற பிள்ளைகளின் சந்தோஷத்துக்குள்ளேயே ஒரு பிரிவு ஊதிக்கொண்டு போவது கேட்கும். கடைசி இரவில் மகன் குரல் கேட்டதாக நினைத்து அவள் எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறாள். யாருமில்லை. குளத்தின்மேல் மின்மினிகள் மிதக்கின்றன. அந்தக் காலத்துப் பிலிமில் நிஜ மின்மினி பதியாது. அதனால் படக்குழுவில் திடமான ஆட்களாகப் பார்த்து, கறுப்பு உடுப்பு மாட்டிவிட்டு, கையில் சின்ன பல்பும் வயரும் பேட்டரியும் கொடுத்து, அணைத்து அணைத்து ஏற்றியபடி இருட்டில் ஆடவிட்டார் ரே. சினிமாவின் மிகத் தனிமையான மரணங்களில் ஒன்றுக்குப் பின்னால் இப்படி ஒரு கூத்து நடந்திருக்கிறது!

ஒளியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் படத்தை விட முடியாது. காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவில் கட்டியவர் பன்சி சந்திரகுப்தா. அப்படிப்பட்ட முற்றத்தில் வெயில் நேரே விழாது. மேலே வானத்திலிருந்து வடிந்து இறங்கி, அழுத்தமான நிழல் எதையும் போடாமல் பரவும். ஸ்டுடியோ விளக்குகளை நேராக அடித்தால் பொய் தெரிந்துவிடும் என்று, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை அதன்மேல் அடித்து, திரும்பி விழும் வெளிச்சத்தில் படமெடுத்தார். அந்த மங்கிய ஒளி பரவும் வீட்டில்தான் ஹரிஹர் நோயில் கிடக்கிறார். மகன் கொண்டுவந்த கங்கை நீர் தொண்டையில் இறங்கியதும் தலை சாய்கிறது, வெட்டு, புறாக்கூட்டம் ஒன்று விர்ரென்று வானத்தில் எழும்புகிறது.

‘காட்ஃபாதர் 2’ நம் ஞாபகத்தை நம்பி நிற்கும் படம். முதல் படம் தெரியாதவனுக்கு அந்தக் கதவும் வெறும் கதவு, ஃப்ரெடோவின் கையும் வெறும் கை. ‘அபராஜிதோ’வுக்குள் ஒன்றும் தெரியாமல் வருகிறவனும் ஒரு தாயின் கதையை முழுதாகப் பார்த்துவிட்டுப் போவான், தெரிந்து வருகிறவனுக்கு ஒவ்வொரு ஊதலிலும் துர்கா இருப்பாள். இரண்டு பேருக்கும் குறை வைக்காததால்தான் அதை ஒரு படி மேலே வைக்கிறேன்.

ரேயின் ரயில் இதோடு நிற்கவில்லை என்பதும் உண்மை. ‘அபுர் சன்சா’ரில் (1959) அபு தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருக்கிறான், மனைவியை இழந்தபின் சாவதற்காக ரயிலுக்கு முன் போய் நிற்கிறான், வருஷங்கள் கழித்து, தன்னை அறியாத மகனுக்குப் பொம்மை ரயில் வாங்கிப் போகிறான், பையன் அதைத் தூக்கி எறிகிறான். ஆனால் அது மூன்றாம் பாகம். மூன்றாம் பாகங்களுக்குத் தனி வரிசை போட வேண்டும். அதில் ‘காட்ஃபாதர் 3’ எங்கே வரும் என்பதில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.