கல்லட்டிக்கு முன்பே முடிந்துவிடும் கணக்கு

மைசூரிலிருந்து ஊட்டிக்கு ஒரே நாளில் சைக்கிள் மிதித்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், 36 கொண்டை ஊசி வளைவுகளில்தான் வந்து நிற்பார்கள். மசினகுடியைத் தாண்டியதும் தொடங்கும் கல்லட்டி மலைப்பாதைக்கு அப்படியொரு பெயர். 2008-ல் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’ கூட்டுப் பயணத்தில் பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆனாலும் கல்லட்டி வரும் நாள் என்றால் முதல்நாள் இரவே பலருக்குத் தூக்கம் போய்விடும். அங்கே யார் மிதித்து ஏறுவார், யார் இறங்கித் தள்ளுவார் என்பது பெரும்பாலும் அதற்கு முந்தைய நூறு கிலோமீட்டரிலேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் மலையின் கணக்கு. குண்டலுப்பேட்டை, பந்திப்பூர், தெப்பக்காடு, மசினகுடி என்று ஏறக்குறைய நூறு கி.மீ. வந்த பிறகுதான் செங்குத்து ஏற்றம். அங்கிருந்து சுமார் 12 கி.மீ. தூரத்துக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர வேண்டும். ஆளும் வண்டியுமாக 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை 1,100 மீட்டர் தூக்க ஏறத்தாழ 860 கிலோஜூல் வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் ஏற நினைத்தால், புவியீர்ப்புக்கு மட்டும் இடைவிடாமல் 160 வாட் கொடுத்தாக வேண்டும். நன்றாகப் பழகியவருக்கு அது காலை நேரத்தில் பெரிய விஷயமில்லை. நான்கு மணி நேரம் மிதித்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு கொடுக்க வேண்டியிருப்பதுதான் சிக்கல்.

இங்கேதான் கூட்டமாக ஓட்டுவதன் அருமை தெரிகிறது. சமதளத்தில் மணிக்கு 28 கி.மீ. வேகத்தில் போகும்போது, செலவாகும் சக்தியில் பெரும்பங்கைக் காற்றே தின்றுவிடும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டியே வருபவருக்கு அந்தக் காற்றுச் சுமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சம். தோராயமாக 27 வாட். கேட்க அற்பமாக இருக்கும். நூறு கி.மீ. முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் 350 கிலோஜூல் வரும். மலையேறத் தேவையானதில் ஐந்தில் இரண்டு பங்கு! தொடக்கத்திலேயே கூட்டத்தை விட்டுத் தனியே பறக்கிறவர், கல்லட்டியில் ஐந்தில் இரண்டு பங்கை வழியிலேயே ஏறி முடித்துவிட்டார் என்று பொருள். உயரம்தான் கிடைத்திருக்காது.

மலையில் இந்தச் சலுகை செல்லாது. மணிக்கு எட்டு கி.மீ. வேகத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை. பின்சக்கரம் பிடித்தும் பயனில்லை. காலையில் ஒன்றாகக் கிளம்பிய கூட்டம் அங்கே ஒற்றை ஒற்றையாகச் சிதறுவது இதனால்தான்.

இரண்டாவது கணக்கு கியர். முன்பல் 34, பின்பல் 34 என்றால் ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்று. எட்டு கி.மீ. வேகத்துக்கு நிமிடத்துக்கு 63 மிதி போதும். பந்தயக்காரர்களின் பழைய அமைப்பான 39-25 போட்டு வந்தவருக்கு அதே வேகத்தில் 40 மிதிதான் கிடைக்கும். ஒவ்வொரு மிதியும் படியேறுவது போல முழங்காலில் இறங்கும். ஊரில் மேம்பாலம் ஏறிப் பார்த்துவிட்டு ‘இந்தக் கியரே போதும்’ என்று வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஓர் இடதுபுற வளைவில் நின்று பார்த்தால் இது கண்ணெதிரே நடக்கும். வளைவின் வெளிவட்டம் சாய்வு குறைந்தது, மிதிக்க இதமானது. ஓட்டுநர் அந்தப் பக்கம் ஒதுங்கப் பார்க்கிறார். மேலிருந்து ஒரு ஜீப் ஹாரன் அடிக்கிறது. இடப்பக்கம் ஒடுங்கியே ஆக வேண்டும். அங்கே சாலை சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. மிதி சட்டென்று குறைகிறது. இருக்கையை விட்டு எழுந்து அழுத்துகிறார். பாரம் முன்னால் போனதும் பின்சக்கரம் சரளையில் வழுக்குகிறது. பெடலில் மாட்டிய காலணியைக் கழற்ற அரை நொடிதான் இருக்கிறது. கழற்றிவிட்டால் தப்பினார். ஆனால் அந்தச் சாய்வில் மறுபடி ஏறி உட்கார்ந்து கிளம்புவது பெரும்பாடு. அடுத்த வளைவு வரை தள்ளல்தான். கியரும் தெம்பும் மிச்சமிருப்பவர் அதே உள்வட்டத்தை உட்கார்ந்தபடியே கடந்துவிடுகிறார்.

மூன்றாவது கணக்கு சாப்பாடு. நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது பரவலான பரிந்துரை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவுக்கு இருக்கும். நான்கு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால், ஒன்பது பத்துப் பழத்துக்கு ஈடானது வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். காலைக் குளிரில் பசியும் தாகமும் தெரியாது. தெப்பக்காடு தாண்டி ‘பசிக்கிறதே’ என்று தோன்றும்போது நேரம் கடந்திருக்கும். தின்றது காலுக்கு வந்து சேருமுன் ஏற்றம் வந்துவிடும். உச்சியை நெருங்கும்போது காற்றழுத்தமும் கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட கால்பங்கு குறைவு. மூச்சும் சேர்ந்து கணக்குக் கேட்கும்.

‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’ பந்தயமல்ல. விரும்புகிறவர்களுக்காகச் சில பகுதிகளில் மட்டும் நேரம் குறிப்பார்கள். மலையில் குறித்த நேரத்தை வைத்து ‘இவர்தான் வலுவானவர்’ என்று தீர்ப்பெழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. மசினகுடி வரை முன்னால் நின்று காற்றை வாங்கி, பத்துப் பேரை இழுத்து வந்தவர் கல்லட்டியில் ஐந்து நிமிடம் பின்தங்கலாம். அவர் நிழலில் வந்தவர் பட்டியலில் மேலே இருப்பார். பட்டியல் பொய் சொல்லவில்லை; 12 கி.மீ.க்கு மட்டும் பதில் சொல்கிறது. அடுத்த முறை யாராவது கல்லட்டி நேரத்தைச் சொல்லிப் பெருமைப்பட்டால், குண்டலுப்பேட்டை வரை முன்னால் நின்றது யார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.