பழைய சாக்கெட்டில் புதிய செயலி: அடாப்டர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினவா?

வாசகர்களே, உங்கள் வீட்டில் 6 ஆம்பியர் சாக்கெட் மட்டுமே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கி வந்த தண்ணீர் ஹீட்டருக்கோ 16 ஆம்பியர் பிளக். கடைக்காரர் ஒரு கன்வர்டரை எடுத்து நீட்டுகிறார். பெரிய பிளக் அதற்குள் அழகாகப் பொருந்திவிடுகிறது, ஹீட்டரும் சுடுகிறது. ஆனால் சுவருக்குள் ஓடும் ஒயர் அதே பழைய மெல்லிய ஒயர்தானே? கன்வர்டர் பின்களின் வடிவத்தை மாற்றியது. ஒயரின் தடிமனை மாற்றவில்லை.

கணிப்பொறியின் செயலியை மாற்றுவதற்கென்று விற்கப்பட்ட அடாப்டர்களை மதிப்பிட இந்தக் கன்வர்டரைவிடப் பொருத்தமான அளவுகோல் இல்லை எனலாம். பழைய மதர்போர்டில் உள்ள சாக்கெட்டுக்கும் புதிய செயலிக்கும் நடுவே வைக்கப்படும் சிறு பலகையே அடாப்டர். ‘மதர்போர்டை எறிய வேண்டாம், செயலியை மட்டும் மாற்றுங்கள், கணிப்பொறி புதியதாகிவிடும்’ என்பது அது தரும் வாக்குறுதி. தருமபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் போன்ற ஊர்களில் படிக்கும் மாணவர் ஒருவருக்குக் கைமாறி வந்த கணிப்பொறியே எட்டும் விலையில் கிடைக்கிறது. அவரிடம் மிஞ்சியிருக்கும் சிறு தொகையை இதில் போடலாமா, கூடாதா? இந்தக் கேள்விக்கு விடை காண, முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்தப் பொருளின் வரலாற்றைச் சற்றுக் கறாராகவே பார்க்க வேண்டியுள்ளது.

தொடக்கமே அவ்வளவு நேர்மையானதாக இல்லை. 1991இல் இன்டெல் நிறுவனம் 486எஸ்எக்ஸ் என்னும் செயலியை வெளியிட்டது. தசமக் கணக்குகளை விரைந்து செய்யும் பகுதி இதில் செயற்படாது. அது வேண்டுவோர், மதர்போர்டில் காலியாக விடப்பட்ட இரண்டாவது சாக்கெட்டில் 487எஸ்எக்ஸ் என்னும் ‘துணைச் செயலி’யை வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம் என்றார்கள். உண்மை யாதெனில், அந்தத் துணைச் செயலி துணையே அன்று. அது முழுமையான ஒரு 486 செயலி. பொருத்தியதும் பழைய செயலியை உறங்க வைத்துவிட்டு எல்லா வேலையையும் தானே செய்தது. வாங்கியவர் இரண்டு செயலிகளுக்குப் பணம் கொடுத்து ஒன்றைப் பயன்படுத்தினார். ‘தரமுயர்த்துதல்’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து வந்தவை ஓவர்டிரைவ் செயலிகள். 1995இல் வெளியான பெண்டியம் ஓவர்டிரைவ், 486 சாக்கெட்டிலேயே பெண்டியத்தை உட்கார வைத்தது. 5 வோல்ட் தரும் போர்டில் 3.3 வோல்ட் செயலி ஓட வேண்டும். ஆகவே அழுத்தத்தைக் குறைக்கும் சாதனத்தைச் செயலியின் மேலேயே வைத்தார்கள். விசிறியையும் அதனுடனேயே இணைத்தார்கள். பொறியியல் என்ற முறையில் இது பாராட்டத்தக்கது. ஆனால் பெண்டியம் வெளியுலகுடன் ஒரே நேரத்தில் 64 பிட்டுகளைப் பரிமாறப் பிறந்தது. 486 போர்டின் பாதையோ 32 பிட் அகலமே உடையது. எட்டுப் பேர் நடக்கும் சாலைக்குப் பழகியவனை நான்கு பேர் செல்லும் சந்தில் ஓடச் சொன்ன கதைதான். உள்ளே இருக்கும் தற்காலிக நினைவகத்தைப் பெருக்கி இந்தக் குறையை ஓரளவு மறைத்தார்களே தவிர, நீக்க முடியவில்லை.

இவ்வரிசையில் என் மதிப்பில் முதலிடம் பெறுவது ‘ஸ்லாட்கெட்’ என்று அழைக்கப்பட்ட அடாப்டர். ஏன் என்று பார்ப்போம். 1997இல் பெண்டியம் 2 வந்தபோது செயலி சில்லாக வரவில்லை. 242 தொடுமுனைகள் கொண்ட ஓர் அட்டையாக வந்தது. காரணம், அதன் இரண்டாம் நிலைத் தற்காலிக நினைவகம் தனிச் சில்லுகளாக இருந்தது. அவற்றையும் செயலியையும் ஒன்றாக வைக்க அட்டை தேவைப்பட்டது. பின்னர் அந்த நினைவகம் செயலிச் சில்லுக்குள்ளேயே அடங்கிவிட்டது. அட்டைக்கு வேலை போயிற்று. 1999இல் செலரான் செயலிகள் 370 பின்கள் கொண்ட சாக்கெட்டுக்கு வந்தன.

இங்கே கவனியுங்கள்: வடிவம் மாறியதே தவிர, செயலி மதர்போர்டுடன் பேசும் மொழி மாறவில்லை. அதே சமிக்ஞைகள், அதே பாதை. ஆகவே ஓர் அட்டையில் 370 பின் சாக்கெட்டை வைத்து, கம்பிகளை உரிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாலே போதும். அழுத்தத்தைத் தேர்ந்தெடுக்க இரண்டு மூன்று ஜம்பர்கள். இவ்வளவுதான் ஸ்லாட்கெட். தான் செய்யக்கூடியதை மட்டும் சொல்லி, சொன்னதைச் செய்த அடாப்டர் இது. 1998இல் வந்த 440பிஎக்ஸ் சில்லுத்தொகுதி உள்ள போர்டு வைத்திருந்தவர்கள் பல ஆண்டுகள் இதனால் பயனடைந்தார்கள்.

அந்த வெற்றியே பேராசையையும் வளர்த்தது. 2001இல் டுவாலட்டின் என்னும் செயலி வந்தது. பின்கள் அதே 370. ஆனால் சமிக்ஞை அனுப்பும் மின்னழுத்தம் 1.5 வோல்ட்டிலிருந்து 1.25 வோல்ட்டாகக் குறைந்துவிட்டது. சில பழைய போர்டுகளின் மின்சீராக்கியோ செயலிக்குத் தரும் மின்சாரத்தில் 1.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவே இறங்காது. எனவே பவர்லீப் போன்ற நிறுவனங்கள் தம் அடாப்டரிலேயே மின்சீராக்கியைப் பொருத்தி விற்றன. அதைக் கொண்டு 350 மெகாஹெர்ட்ஸ் பெண்டியம் 2 இருந்த போர்டில் 1400 மெகாஹெர்ட்ஸ் செலரானை ஓட்டியவர்கள் உண்டு.

நான்கு மடங்கு! பெட்டியின் மேல் அச்சிட இதைவிட நல்ல எண் கிடைக்குமா? ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்தப் போர்டின் பாதை 100 மெகாஹெர்ட்ஸ். அகலம் 64 பிட், அதாவது 8 பைட். பெருக்கினால் விநாடிக்கு 800 மெகாபைட். 350 மெகாஹெர்ட்ஸ் செயலி இருந்தபோதும் 800; 1400 வந்த பின்பும் அதே 800. நம் மாவட்டத்து விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். 5 குதிரைத்திறன் மோட்டாரை எடுத்துவிட்டு 10 குதிரைத்திறன் மோட்டாரை இறக்கினால் ஆழ்துளைக் கிணற்றில் ஊற்று இரட்டிப்பாகிவிடுமா? குழாயும் அதே குழாய், ஊற்றும் அதே ஊற்று. தற்காலிக நினைவகத்துக்குள் அடங்கும் கணக்கு என்றால் செயலி பறக்கும். வெளியிலிருந்து தரவு வர வேண்டிய வேலை என்றால் வெறுமனே காத்திருக்கும். விளம்பரம் முதல் வகையைக் காட்டும். அன்றாட வேலையிலோ இரண்டாம் வகையும் நிறைய வரும்.

மற்ற சிலவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். 2000 நவம்பரில் பெண்டியம் 4க்கு 423 பின் சாக்கெட் வந்தது. அடுத்த ஆகஸ்டிலேயே 478 பின் சாக்கெட் வந்து அதைத் தள்ளிவிட்டது. ஓராண்டு கூட நிறையாத போர்டை வைத்துக்கொண்டு விழித்தவர்களுக்கு அடாப்டர் விற்கப்பட்டது. இதில் குறை சொல்ல வேண்டியது அடாப்டரை அன்று. 2005இல் அசுஸ் நிறுவனம், மடிக்கணினிக்கான பெண்டியம் எம் செயலியை 478 பின் போர்டில் ஓட்ட ஓர் அடாப்டர் தந்தது. அதற்குத் தனி மின்கம்பியும் தனி விசிறியும் தேவைப்பட்டன. அந்நிறுவனத்தின் குறிப்பிட்ட சில போர்டுகளில் மட்டுமே ஓடியது. எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்லாததால் ஏமாந்தவர் குறைவு.

இப்போது மாணவர்களின் கையில் உண்மையிலேயே இருக்கக்கூடிய போர்டுக்கு வருவோம். 2004இல் வந்த எல்ஜிஏ 775 சாக்கெட் கொண்ட போர்டுகள் நம் நாட்டில் பழைய பொருள் சந்தையில் இன்னும் கிடைக்கின்றன. சர்வர்களுக்கு 2006 முதல் வந்த ஜியான் செயலிகளுக்கோ எல்ஜிஏ 771 சாக்கெட். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டு தொடுபுள்ளிகள் இடம் மாறியிருக்கின்றன. ஓரத்தில் உள்ள வெட்டுகளும் வேறு இடத்தில் உள்ளன. சர்வர்கள் கழிக்கப்பட்டு ஜியான்கள் மலிந்தபோது, பொழுதுபோக்குக்காகக் கணிப்பொறி கட்டுபவர்கள் ஓர் ஒட்டுத்தாளைக் கண்டுபிடித்தார்கள். அந்த இரண்டு புள்ளிகளையும் மாற்றி இணைக்கும் மெல்லிய தாள் அது. அடாப்டர் என்ற இனத்தின் கடைசி வாரிசு அதுதான் என்று சொல்லலாம், நகத்தளவே இருக்கும்.

ஒட்டுத்தாளைக் கண்டுபிடித்தவர்களின் அறிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஜியான் இ5450 நான்கு கருக்கள், 3 கிகாஹெர்ட்ஸ், 12 மெகாபைட் தற்காலிக நினைவகம் உடையது. இரண்டு கரு செயலி இருந்த இடத்தில் இது ஓடுவது பெரிய மாற்றமே. ஆனால் விற்பவர்கள் சொல்லாமல் விடுபவை சில உண்டு. முதலாவது, வெட்டுகள் பொருந்தாததால் சாக்கெட்டின் பிளாஸ்டிக் முனைகளைப் பிளேடால் சீவ வேண்டும், அல்லது செயலியின் ஓரத்தை அராவ வேண்டும். அந்தச் சாக்கெட்டின் பின்கள் மயிரிழை போன்றவை. கை தவறி இரண்டு வளைந்தால் போர்டே போயிற்று. அடுத்து, அந்தச் செயலியை அடையாளம் காணும் குறிப்பு போர்டின் பயாஸில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணிப்பொறி எழும்பாமல் போகலாம், எழும்பினாலும் தடுமாறலாம். மூன்றாவதுதான் நமக்கு முக்கியம்: இரண்டு கரு செயலியை எண்ணிச் செய்த விலை மலிவான போர்டின் மின்சீராக்கி, நான்கு கருக்களின் பசியைத் தாங்க வேண்டும். சித்திரை வெயிலில், மின்விசிறி மட்டும் சுற்றும் அறையில், அந்தச் சீராக்கி எவ்வளவு சுடும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மறுபடியும் சுவருக்குள் ஓடும் அந்த மெல்லிய ஒயர்!

இவ்வளவையும் தாண்டினாலும் ஒரு சுவர் உண்டு. இத்தகைய போர்டுகளில் மிகப் பரவலான ஜி31 சில்லுத்தொகுதி 4 கிகாபைட்டுக்கு மேல் நினைவகத்தை ஏற்காது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்போ, இந்தத் தலைமுறைச் செயலிகளில் இல்லாத சில கட்டளைகளை எதிர்பார்க்கிறது. அவை இல்லையெனில் அது தொடங்குவதே இல்லை. எந்த ஒட்டுத்தாளும் இல்லாத கட்டளையை உண்டாக்காது. லினக்ஸ் ஓடும். நிரல் எழுதப் பழகும் மாணவருக்கு அது குறையுமன்று.

அடாப்டர் செய்பவர்களைக் குறை சொல்லியே முடித்துவிட்டால் அது ஒருதலைப்பட்சமாகிவிடும். அடாப்டர் ஏன் தேவைப்படுகிறது? 2015இல் வந்த எல்ஜிஏ 1151 சாக்கெட்டுக்கு 2017இல் அதே 1151 தொடுபுள்ளிகளுடன் புதிய செயலிகள் வந்தன. ஆனால் பழைய போர்டில் அவை ஓடா என்று இன்டெல் கூறியது. மின்சாரம் செல்லும் புள்ளிகளைக் கூட்டியிருப்பதாகக் காரணம் சொன்னது. பொழுதுபோக்கு ஆர்வலர்கள் சில புள்ளிகளை மறைத்து, பயாஸைத் திருத்தி, சில பழைய போர்டுகளில் அவற்றை ஓட்டிக் காட்டினார்கள். ஆகவே அந்தக் காரணத்தை முழுமையானதாக ஏற்க நான் தயாரில்லை. மறுபுறம், ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டைப் பாருங்கள். 2017இல் வாங்கிய எக்ஸ்370 போர்டில், பயாஸை மட்டும் புதுப்பித்து, 2022இல் வந்த ரைசன் 5800எக்ஸ்3டி செயலியைப் பொருத்த முடிந்தது. அடாப்டர் எதுவும் வேண்டியிருக்கவில்லை. இதற்கும் பயனாளர்கள் குரல் கொடுக்க வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

தகடூரை ஆண்ட அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அங்கே நெய் பூசி அடுக்கியிருந்த பளபளப்பான ஆயுதங்களைப் பார்த்துவிட்டு, எங்கள் மன்னனின் ஆயுதங்கள் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாராம். புறநானூற்றில் வரும் செய்தி. பட்டறைக்குப் போவது பொருளுக்கு இழிவன்று என்பது இந்த மண்ணுக்குப் பழகியதே. மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாசலைத் திறந்தது. ஆனால் சாக்கெட்டை எத்தனை ஆண்டுக்கு மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்று கேட்க அதில் இடமில்லை.

சரி, கையிலுள்ள தொகையை என்ன செய்வது? என் தீர்ப்பு இது. போர்டில் சாட்டா இணைப்பு இருந்து, இன்னும் சுழலும் வட்டுதான் ஓடுகிறது என்றால், முதலில் ஒரு எஸ்எஸ்டி வாங்குங்கள். நினைவகத்தில் இடமிருந்தால் அதை நிரப்புங்கள். இவ்விரண்டும், நாளை வேறு பழைய கணிப்பொறி கைக்கு வந்தால் பெரும்பாலும் கழற்றிக் கொண்டுபோகக் கூடியவை, எஸ்எஸ்டி நிச்சயமாக. அதன் பிறகும் செயலி போதவில்லை என்றால், அதே சாக்கெட்டுக்கென்றே செய்த, போர்டு ஏற்கக்கூடிய மேலான செயலியைப் பழைய பொருள் கடையில் தேடுங்கள். அதற்கு அடாப்டரும் வேண்டாம், பிளேடும் வேண்டாம். ஒட்டுத்தாள் வேலையை, போனாலும் வருத்தப்படத் தேவையில்லாத போர்டில் செய்து பாருங்கள். பின்கள் எதற்காக இருக்கின்றன என்பதை ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொள்ளலாம். தேர்வுக்குப் படிக்க இருக்கும் ஒரே கணிப்பொறியில் செய்யாதீர்கள். அண்மைக் கால மடிக்கணினி என்றால் இந்த யோசனையே வேண்டாம்; அவற்றில் செயலி பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது.

எதை வாங்குவதற்கும் முன்னால் பெட்டியைத் திறந்து, மதர்போர்டின் மேல் அச்சிட்டுள்ள மாடல் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் ஓரத்தில் சிறிய எழுத்தில் பதிப்பு எண் இருக்கும்; அதையும் சேர்த்தே எழுதுங்கள். ஒரே பெயருடைய போர்டின் முதல் பதிப்பு ஏற்காத செயலியை இரண்டாம் பதிப்பு ஏற்பதுண்டு. தயாரிப்பாளர் வெளியிட்ட செயலிப் பட்டியலை அந்த இரண்டையும் கொண்டுதான் தேட வேண்டும்.