சனதுடன் கேட்கப்பட்ட இசை

ஒரு செய்தியைச் சொன்னவர் யார், அவர் அதை யாரிடம் கேட்டார் என்னும் வினாவிலிருந்தே தொடங்குவது நமது அறிவு மரபு. ஒரேயொரு நபிமொழியை நேரில் கேட்பதற்காக ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரு மாத காலம் பயணம் செய்து ஷாம் தேசம் சென்றதை அரபுக் கல்லூரி மாணவர் அனைவரும் அறிவர். இசைக்கும் இத்தகைய சனது தேவை எனக் கருதியவர்கள் நம்மில் இருந்தனர். பத்தாம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானீ தொகுத்த ‘கிதாபுல் அகானீ’ பாடல்களோடு நின்றுவிடாமல், பாடியோரையும் மெட்டமைத்தோரையும் அறிவிப்பாளர் தொடர்களுடன் பதிவு செய்துள்ளது. இசைக்கருவிகள் பற்றிய ஃபிக்ஹு விவாதம் இங்கு நமது பேசுபொருள் அன்று. உழைத்தவரின் பெயர் காக்கப்பட வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

இந்த நோக்கில் வாசிக்கத்தக்க நூல், மும்பை இதழாளர் நரேஷ் பெர்னாண்டஸ் 2012இல் வெளியிட்ட ‘தாஜ்மஹால் ஃபாக்ஸ்ட்ராட்’. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ஜாஸ் இசை மும்பையில் வேரூன்றிய வரலாற்றை அது கூறுகிறது. 1935இல் லியான் அபியின் கறுப்பினக் குழு தாஜ்மஹால் ஓட்டலில் வாசித்தது. அவ்விசையைக் கோவாவிலிருந்து வந்த கிறித்தவக் கலைஞர்கள் ஆர்வத்துடன் கற்றனர். மேலை இசைக்குறிப்பை எழுதவும் படிக்கவும் அறிந்திருந்த அவர்களே பின்னர் இந்தித் திரையிசைக் கூடங்களின் முதுகெலும்பாயினர். மெட்டு ஒருவருடையது, அதை வயலினுக்கும் டிரம்பெட்டுக்கும் பிரித்து எழுதிய கை வேறொருவருடையது. இசைத்தட்டிலோ முன்னவரின் பெயர் மட்டுமே இருந்தது.

‘சிக் சாக்லேட்’ எனப்பட்ட அந்தோனியோ சேவியர் வாஸ் இதற்கோர் எடுத்துக்காட்டு. 1951இல் வெளியான ‘அல்பேலா’ படத்தில் அவரது குழு திரையிலேயே தோன்றுகிறது. அப்பாடல்களை முணுமுணுத்தோரில் எத்தனை பேர் அவரை அறிந்திருந்தனர்? இதனினும் விந்தையானது ஆந்தோனி கோன்சால்வெஸின் நிலை. இசையமைப்பாளர் பியாரேலாலுக்கு வயலின் கற்பித்த ஆசிரியர் இவர். 1977இல் ‘அமர் அக்பர் ஆந்தோனி’ படத்தின் பாடலொன்றால் இவரது பெயர் நாடெங்கும் ஒலித்தது. மக்கள் அதை ஒரு நகைச்சுவைப் பாத்திரத்தின் பெயராகவே எடுத்துக்கொண்டனர். பெயர் வாழ்ந்தது, பெயருக்குரியவர் மறக்கப்பட்டார்.

பெர்னாண்டஸ் அம்முதியவரைக் கோவாவின் மஜோர்தா கிராமத்திற்கே தேடிச் சென்று கேட்டறிந்தார். இசை விமர்சகரின் பயணம் அரங்கத்தின் முன்வரிசையோடு முடிவதில்லை என்பதற்கு இது சான்று. எஞ்சியிருந்த கலைஞர்களின் நினைவுகளோடு பழைய நிழற்படங்களையும் அவர் திரட்டினார்; நூலுடன் ஒலிவட்டையும் இணைத்தார். நமது சொல்லாட்சியில் கூறின், சனதுடன் மத்னும் வாசகர் கைக்கு வந்தது. எழுத்தாளரின் தீர்ப்பை அவர் தம் செவியாலேயே சோதிக்கலாம்.

குறையும் உண்டு. இசைத்தோரின் வாழ்வு நூலில் மேலோங்கி நிற்கும் அளவுக்கு இசையின் நுட்பம் நிற்கவில்லை. அறிவிப்பாளரின் பெயரை மீட்பது முதற்படியே. அவரது தரத்தை நிறுத்துச் சொல்வது அடுத்த படி. ஹதீஸ் கலை இதனை ‘ஜரஹ் வ தஅதீல்’ என்கிறது. ஒருவர் புறக்கணிக்கப்பட்டார் என்பதனாலேயே அவர் பெருங்கலைஞர் ஆகிவிடமாட்டார். அன்பு மிகும் இடத்தில் விமர்சகர் இதை மறந்துவிடலாகாது. ஆயினும், பெயரே தெரியாதபோது தரத்தைப் பற்றி எவ்வாறு பேசுவது? அவ்வகையில் முதற்படியைக் கடந்த பெருமை இந்நூலுக்கு உரியது.

மும்பையின் இக்கதை நமக்கு அயலானது அன்று. 2015இல் மறைந்த நாகூர் ஈ.எம். ஹனீபாவின் குரலைக் கேளாத தமிழ் முஸ்லிம் இல்லம் அரிது. அப்பாடல்களை இயற்றிய புலவர்கள் யாவர்? உடன் வாசித்தோர் யாவர்? நம் நெஞ்சில் பதிந்த ஒரு பாடலுக்கேனும் இவ்விரு வினாக்களுக்கும் தயங்காமல் விடை கூறுவோர் நம்மில் எத்தனை பேர்? ஜவ்வாது மலையடிவாரத்தில் வாழும் எமக்கு, மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் விழாக்காலப் பறையொலி தெரியும். அதை முழக்குவோரின் பெயர்கள் தெரியா. ஒலி செவியை எட்டிவிடுகிறது. பெயரை நாம்தான் சென்று கேட்டறிய வேண்டும்.

இன்று முதியோராய் இருப்பவர்களுடன் ஒரு தலைமுறையின் சனதே அறுந்துபோகக் கூடும். சனதின் அருமையை உலகுக்குக் கற்பித்த சமுதாயம் தன் பாடகர்களையும் புலவர்களையும் பற்றி அறிவிப்பாளர் இன்றி நிற்பது முறையாகாது. நம் மாணவர் ஒருவர் குறிப்பேட்டுடன் நாகூருக்கு ஒரு பயணம் மேற்கொண்டால் போதும். இந்நூலை வாசித்ததன் பயன் நமக்குக் கிட்டிவிடும்.