கூடினாலும் குணம், குறைந்தாலும் குணம்

சித்திக்கு மூணு வருஷமா முழங்கால் வலி. டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு மூட்டுத் தேய்மானம் என்றார். உடற்பயிற்சி எழுதிக்கொடுத்தார், எடையைக் குறைக்கச் சொன்னார். ஆனா சித்தி போய்ச் சேர்ந்தது என்னமோ பக்கத்துத் தெருவில் புதுசாகத் திறந்த மின்காந்தச் சிகிச்சை மையத்தில். இருபது அமர்வுக்கு முன்பணமும் கட்டியாச்சு. ரசீதோடு, சிகிச்சையில் என்ன எதிர்பார்க்கலாம் என்று ஒரு துண்டறிக்கை கொடுத்திருக்கிறார்கள். "படிச்சுட்டு நெசமான்னு சொல்லுடா" என்று என்னிடம் நீட்டினார்.

படித்தேன். மொத்தமும் பொய் என்று தூக்கிப் போட முடியவில்லை. அதுதான் சிக்கலே.

முதலில் உண்மையான பகுதி. கருவிக்குள் இருப்பது ஒரு கம்பிச் சுருள். அதில் மின்சாரத்தை விட்டு விட்டுச் செலுத்தினால் சுற்றிலும் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலம் உண்டாகும். மாறும் காந்தப் புலம் பக்கத்தில் உள்ள பொருளில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று 1831-லேயே ஃபாரடே காட்டிவிட்டார். ஆக, முழங்காலுக்குள் மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது என்பதில் மந்திரம் எதுவும் இல்லை. வலிமை குறைந்த கருவி என்றால் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. வலிமை கூடியதில் டக் டக் என்று சத்தம் வரும், தசை துடிக்கும்.

அடுத்து, அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அங்கீகரித்த முறை என்கிறது துண்டறிக்கை. இது பாதி உண்மை. 1979-ல் அங்கே அங்கீகாரம் கிடைத்தது, முறிந்து நாளாகியும் ஒன்றுசேராத எலும்புக்கான கருவிக்கு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ பாஸெட் என்ற எலும்பு மருத்துவர் பல வருஷம் செய்த ஆய்வின் பலன் அது. எலும்பு ஒட்ட வாங்கிய சான்றிதழை மூட்டுத் தேய்மானத்துக்குக் காட்டுவது, பைக் லைசென்ஸை வைத்துக்கொண்டு லாரி ஓட்டுகிற மாதிரி.

ரத்தத்தில் இரும்பு இருப்பதால் காந்தம் அதை இழுத்து ஓட்டத்தைச் சீராக்கும் என்ற வரி முழுத் தப்பு. ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு, ஆணியில் உள்ள இரும்பைப் போல நடந்துகொள்ளாது. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் காந்தத்தால் மிக லேசாக விலக்கப்படவே செய்கிறது. எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா என்ற அளவில் இருக்கும். காந்தம் ரத்தத்தை இழுக்குமென்றால் ஸ்கேனுக்குள் போனவர் கதி என்ன ஆகும், யோசியுங்கள்.

சரி, வலி குறையுமா? மூட்டுத் தேய்மானத்துக்கான மின்காந்தச் சிகிச்சை பற்றி 2013-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 9 ஆய்வுகளை, 636 பேரைக் கணக்கில் எடுத்தது. 100 புள்ளி வலி அளவுகோலில், போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட நிஜ சிகிச்சை பெற்றவர்களுக்குச் சராசரியாகச் சுமார் 15 புள்ளி கூடுதலாக வலி குறைந்தது. வலியோடு வாழ்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை. எளிய தமிழில்: வலி ஓரளவு குறையலாம், மாடிப்படி அப்படியேதான் இருக்கும்.

இதை மட்டும் எழுதியிருந்தால் அது நேர்மையான துண்டறிக்கை. சித்தி கையில் இருந்தது வேறு மாதிரி. முதல் சில அமர்வுகளில் வலி கூடினால், உடம்பு கழிவை வெளியேற்றுகிறது, பயப்பட வேண்டாம். வலி குறைந்தால், சிகிச்சை வேலை செய்கிறது. மாற்றமே இல்லை என்றால், உங்கள் உடம்புக்கு இன்னும் அமர்வுகள் தேவை. கூடினாலும் குணம், குறைந்தாலும் குணம், சும்மா இருந்தாலும் குணம். இந்தச் சிகிச்சை தோற்க வேண்டுமென்றால் என்ன நடக்க வேண்டும்? அறிக்கையில் அதற்கு இடமே இல்லை.

இது புது வித்தையும் இல்லை. 1784-ல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி, மெஸ்மரின் காந்தச் சிகிச்சையை ஆராய ஒரு குழு போட்டார். பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாய்சியேவும் அதில் இருந்தார்கள். மெஸ்மரின் சீடர் டெஸ்லோன் ஃபிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் காந்த சக்தி ஏற்றினார். கண்ணைக் கட்டிய 12 வயசுப் பையனை வேறு வேறு மரங்களிடம் கூட்டிப் போனார்கள். சக்தி ஏற்றாத ஒரு மரத்தடியில் பையன் மயங்கி விழுந்தான். டெஸ்லோன் அசரவில்லை: எல்லா மரத்துக்கும் இயற்கையாகவே காந்தம் உண்டு, நான் இங்கே நிற்பதால் அது கூடிவிட்டது என்றார்.

இந்த இடத்தில் என்னை நானே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. டாக்டர் சொன்ன உடற்பயிற்சியிலும் ஆரம்பத்தில் வலி கூடலாம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலே அதை நோயாளியிடம் சொல்லச் சொல்கிறது. அப்போ ரெண்டும் ஒண்ணுதானே? இல்லை. பயிற்சிக்குப் பின்னால் ஏராளமான ஆய்வுகள் இருக்கின்றன. ஒரு பயிற்சி ஒத்துவரவில்லை என்றால் நல்ல பிசியோதெரபிஸ்ட் அதை மாற்றுவார். இன்னும் இருபது நாளுக்குப் பணம் கட்டு என்று மட்டும் சொல்ல மாட்டார்.

இன்னொன்று. மூட்டு வலி ஏறி இறங்கும் வலி. தாங்க முடியாமல் போகும்போதுதான் நாம் சிகிச்சை தேடி ஓடுகிறோம். அதற்குப் பிறகு அது தானாகவே கொஞ்சம் இறங்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இதற்காகவும்தான்.

சித்தியைத் தடுக்கவில்லை. முதலில் கேட்டது, உடம்புக்குள் கருவி ஏதாவது உண்டா என்று. பேஸ்மேக்கர், காக்ளியர் இம்ப்ளான்ட், இன்சுலின் பம்ப் வைத்திருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இதன் பக்கம் போகக்கூடாது. துண்டறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. சித்திக்கு அப்படி எதுவும் இல்லை. பிறகு நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுத வைத்தேன்: இன்றைக்கு வலி பத்துக்கு எவ்வளவு, எத்தனை படி ஏற முடிகிறது, எந்தத் தேதிக்குள் எவ்வளவு குறையாவிட்டால் நிறுத்துவது. கூடவே, உடற்பயிற்சியை நிறுத்தக்கூடாது.

முதல் ரெண்டையும் உடனே எழுதினார். மூணாவதுக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டு, "இதை ஏண்டா இப்பவே எழுதணும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

"அப்புறம்னா அவங்கதான் சித்தி பாத்துப்பாங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அடுத்த மாசம் பதினஞ்சு என்று எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார்.