கூத்தும் பிரதேச உணர்வும்: ஒரு விமர்சன நோக்கு

பிரதேச உணர்வின் அடிப்படையில் எழும் பண்பாட்டு இயக்கமொன்று எதனைப் போற்றுகின்றது என்பதைவிட, எவரால் நடத்தப்படுகின்றது என்பதே முதன்மையான வினாவாகும். மட்டக்களப்புக் கூத்தின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவுறுத்துகின்றது.

1956 இல் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள அரங்கிற்குப் புதுவழி காட்டியது. அதனையடுத்து, பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபினின்று கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964) முதலியவற்றை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். விடியும்வரை வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்து, நகர மேடைக்கேற்பச் சுருக்கப்பட்டது. பாமரர் கலையென ஒதுக்கப்பட்டதைக் கற்றோர் மதிக்கச் செய்தமை இம்முயற்சியின் பெருஞ்சாதனை. இதனை எவரும் மறுத்தற்கில்லை.

எனினும், மேடைக்கு வந்தது ஆட்டமும் பாட்டுமே; அவற்றைத் தாங்கிய சமூக அமைப்பு கிராமத்திலேயே தங்கிவிட்டது. கூத்து ஆடுவதென ஊர் கூடித் தீர்மானித்தல், அண்ணாவியாரை அழைத்தல், சட்டங் கொடுத்தல், மாதக்கணக்கிற் பழகுதல், சதங்கை அணிதல், களரி அமைத்தல், அரங்கேற்றம், பின்னர் வீடுதோறும் சென்று ஆடுதல் என்னும் ஒழுங்கு முழுவதும் ஊராரின் உழைப்பாலும் பொருளாலும் நடைபெற்றது. தொண்டர் இயக்கம் என நாம் இன்று தேடுவது ஏற்கெனவே அங்கு இருந்தது.

இதனால் பழைய அமைப்பு குறையற்றது என்பது பொருளன்று. பெண் பாத்திரங்களையும் ஆடவரே ஆடினர். பாத்திரப் பங்கீட்டிற் சமூக அந்தஸ்தும் செல்வாக்குச் செலுத்தியது. ஆகவே, மரபைப் பேணுதல் என்ற பெயரில் இவ்வேற்றத்தாழ்வுகளையும் பேணுதல் தகாது. அவற்றைக் களைவது வெளியாரின் கட்டளையால் அன்றி, ஆடுவோரும் பார்ப்போரும் களரியிற் கூடி விவாதிப்பதாலேயே நிலைபெறும்.

பிரதேசப் பண்பாடு பேசும் மன்றங்கள் பல, அண்ணாவியாருக்குப் பொன்னாடை போர்த்துவதுடன் தம் கடமை முடிந்ததெனக் கருதுகின்றன. நிகழ்ச்சியின் தெரிவிலும் நிதியின் பங்கீட்டிலும் அவருக்கு இடமில்லையெனின், பிரதேசத்தின் பெயர் பதாகையில் மட்டுமே எஞ்சும். கற்றோர் வழங்கவேண்டியது தலைமையன்று. பிரதிகளைப் பதிவுசெய்தல், பதிப்பித்தல், இளைஞரைப் பயிற்சிக்கு அனுப்புதல் ஆகிய துணைப்பணிகளே. முடிவெடுக்கும் உரிமை களரியிடமே இருத்தல் வேண்டும். மேடைக்கு வந்த கூத்து களரிக்கு மீளும்போதே பிரதேச உணர்வு மக்கள் இயக்கமாகும்.