மயிலின் போர்வையும் சிறுத்தையின் சுருக்கும்: விலங்குக் காப்பு இலக்கியம் குறித்து ஹந்தானையிலிருந்து ஒரு நோக்கு

அருகிவரும் விலங்குகளைப் போற்றி எழுதுதல் இன்று தமிழில் ஒரு தனி எழுத்து வகையாகவே உருப்பெற்று வருகின்றது. ஆகஸ்ட் 1ஆம் திகதி இலங்கைச் சிறுத்தை தினமாகக் கொள்ளப்படத் தொடங்கியதன் பின்னர், பாடசாலை மலர்களிலும் வாரப் பத்திரிகைகளிலும் இத்தகைய கவிதைகளையும் கட்டுரைகளையும் அடிக்கடி காண்கின்றோம். எழுதுவோரின் நல்நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆயின் நல்நோக்கம் இலக்கியத்தின் அளவுகோலாகிவிடாது. எழுதுபவர் எங்கு நின்று விலங்கை நோக்குகின்றார்? காப்பின் விலையை யார் செலுத்துகின்றனர்? இவ்விரு வினாக்களையும் எழுப்பாத விமர்சனம் இவ்வெழுத்துக்களைப் பாராட்டலாம், விளக்க மாட்டாது.

நாம் இதனை எழுதும் இடத்திலிருந்தே தொடங்குவோம். பேராதனை வளாகம் ஹந்தானை மலையின் அடிவாரத்தில் அமைந்தது. 1952இல் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து இங்கு இடம்பெயர்ந்த காலந்தொட்டு, மாணவர் தலைமுறைகள் அம்மலையைக் கீழிருந்தே கண்டு வந்துள்ளன. 1969இல் வெளிவந்த 'ஹந்தானே கதாவ' என்னும் சிங்களத் திரைப்படமும், இன்றும் விரும்பிக் கேட்கப்படும் சிங்களப் பாடல்கள் சிலவும் ஹந்தானையை வளாகத்து இளமையின் குறியீடாக நிலைநிறுத்தின. மூடுபனி, நிலவு, காதல், பிரிவு ஆகியனவே அக்கற்பனையின் ஹந்தானை. மலையேறிச் செல்பவர் காண்பதோ வேறு: தேயிலை, லயங்கள், கைவிடப்பட்ட காணிகளில் மண்டிய மானாப்புல், கோடைதோறும் தீப்பற்றும் பைனஸ் தோப்பு, இடையிடையே எஞ்சிய இயற்கைக் காடு. 2010இல் ஹந்தானை சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது, அது வரவேற்கத்தக்கதே. ஆனால் கலை கண்ட ஹந்தானையில் லயங்கள் இடம்பெறாமை தற்செயலன்று. 'தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி' என்பர். கோகிலம் சுப்பையா 1964இல் வெளியிட்ட தம் தோட்டப்புற நாவலுக்குத் 'தூரத்துப் பச்சை' என்றே பெயரிட்டமை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. பச்சை எவ்வளவு குளிர்ச்சியாகத் தெரிகின்றது என்பது பார்ப்பவர் நிற்கும் தூரத்தைப் பொறுத்தது.

அப்பச்சையும் இயற்கையானதன்று. ஹந்தானைக்கு எதிரேயுள்ள கன்னொறுவையில் தேசாதிபதி பான்ஸ் 1825இல் கோப்பி பயிரிட்டார். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட இயலாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொள்ள வழிசெய்தது. அவற்றுட் பெரும்பகுதி தோட்டத்துரைமாரின் கைக்குச் சென்றது. மலைகள் எரிக்கப்பட்டன. சாம்பல் உரமாயிற்று. கியூபாவின் மலைச்சரிவுகளில் ஸ்பானியக் கோப்பித் தோட்டக்காரர் காடுகளை எரித்து, ஒரு தலைமுறை இலாபத்திற்குப் போதுமான சாம்பலைப் பெற்றதையும், பின்வந்த மழை பாதுகாப்பற்ற மேல்மண்ணைக் கழுவிச் சென்றதையும் ஏங்கெல்ஸ் 1876இல் எழுதிய கட்டுரையொன்றிற் சுட்டிக்காட்டினார். அவர் கண்டியைக் கண்டவரல்லர். கண்டிருப்பின் உதாரணத்தை மாற்ற வேண்டிய தேவை நேர்ந்திராது.

காட்டோடு விலங்கும் சென்றது. யானைகளைக் கொல்வதற்கு அரசு சன்மானம் வழங்கிய காலம் அது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்ட மேஜர் ரொஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் பெயர்பெற்றவர். விலங்குகள் அருகியதும் காப்புணர்வு பிறந்தது. யாரிடம் பிறந்தது? 1894இல் தோட்டத்துரைமாரும் வேட்டைப் பிரியர்களும் கூடி அமைத்த சங்கமே இந்நாட்டின் முதல் விலங்குக் காப்புச் சங்கமாகும். வேட்டைக்குரிய விலங்குகளைக் காத்தல் என்பதே அதன் தொடக்ககாலப் பெயரின் பொருள். அச்சங்கம் காலப்போக்கில் தன் இயல்பை மாற்றிக்கொண்டது என்பதையும், 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் முதலியவற்றால் நாடு பயனடைந்தது என்பதையும் மறுப்பது நேர்மையாகாது. எனினும் காப்புக் கருத்துநிலையின் பிறப்பிடம் துரையின் பங்களா முற்றம், லயத்தின் வாசலன்று. இப்பிறப்படையாளம் இன்றைய கவிதைகளிலும் முற்றாக மறையவில்லை.

இனித் தோட்டத் தொழிலாளரின் சொந்தக் குரலுக்கு வருவோம். சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளிவந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்க'ளில் இயற்கை பெரும்பாலும் அழகாக வருவதில்லை. மழையாகவும் குளிராகவும் அட்டையாகவும் வருகின்றது. உழைப்பின் தடையாக எதிர்ப்படும் இயற்கையை உழைப்பவர் அழகென்று பாடாமை வியப்பன்று. இவ்விடத்தில் எம்மையும் நாம் குறைகூறிக்கொள்ள வேண்டும். மலையக இலக்கியத்தை ஆராய்ந்த முற்போக்கு விமர்சனம் கூலியையும் கங்காணியையும் குடியுரிமையையும் கண்டது. அவற்றைச் சூழ்ந்த காட்டைப் பின்னணிச் சித்திரமாகவே விட்டுவிட்டது. முதலாளித்துவ விவசாயத்தின் முன்னேற்றம் தொழிலாளியை மட்டுமன்றி மண்ணையும் கொள்ளையிடும் கலையின் முன்னேற்றமே என்று 'மூலதனம்' முதலாம் பாகத்தில் மார்க்ஸ் கூறியிருக்க, நாம் அவ்வாக்கியத்தின் முற்பாதியோடு நின்றுவிட்டோம். விட்ட வெளியை அழகியல்வாதிகள் நிரப்பினர். அதற்காக அவர்களை மட்டும் நோவது எங்ஙனம்?

2020 மே மாத இறுதியில், நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் கருஞ்சிறுத்தையொன்று சுருக்குக் கம்பியிற் சிக்கியது. மீட்கப்பட்டு உடவளவைக்குக் கொண்டு செல்லப்பட்ட அவ்வரிய விலங்கு சில நாட்களில் இறந்தது. நாடு முழுதும் துக்கம் எழுந்தது, கவிதைகளும் எழுந்தன. இத்தகைய இரங்கற்பாக்களின் பொது அமைப்பு கவனிக்கத்தக்கது. காட்டின் அரசன் ஒருபுறம், முகமற்ற கொடியவன் மறுபுறம். கம்பி ஏன் அங்கிருந்தது என்பது கவிதைக்குள் நுழைவதேயில்லை. மலைநாட்டில் இக்கம்பிகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கென வைக்கப்படுவன. லயத்தருகே துண்டு நிலத்தில் மரக்கறி பயிரிடும் குடும்பத்திற்கு ஓரிரவில் பன்றிக் கூட்டம் விளைக்கும் நட்டம், நாட்சம்பளத்தால் ஈடுசெய்ய இயலாதது. அந்நிலத்திற்கு உறுதி கிடையாது. இழப்பீடு கேட்கவும் வழி அரிது. பன்றியிறைச்சியை விற்றுப் பணம் பண்ணுவோரும் உளர் என்பதை மறைத்து, கம்பி வைப்பவர் அனைவரையும் அப்பாவிகளாக்குவது மற்றொரு வகைக் கற்பனாவாதம். ஆயினும் பன்றிக்கு வைத்த கம்பியிற் சிறுத்தை மாளும்போது, அதனைக் கொன்றது தனிமனிதக் கொடூரம் மட்டுமன்று, ஒரு காணியுறவுமாகும். அதனைக் காணாத இரங்கல், இறந்த விலங்கையும் முழுமையாகக் காணவில்லை.

பழந்தமிழ்ப் பொருளிலக்கணம் இவ்விடத்தில் எமக்கு உதவுகின்றது. தொல்காப்பியம் கருப்பொருளை வகுக்கையில் விலங்கையும் பறவையையும் உணவோடும் தொழிலோடும் ஒரே வரிசையில் வைத்தது. பேராசிரியர் சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட திணைக்கோட்பாட்டு ஆய்வு, திணை வேறுபாட்டைப் பொருளாதார வாழ்க்கையின் சமனற்ற வளர்ச்சியோடு இணைத்து விளக்கியது. குறிஞ்சியின் யானை தினைப்புனத்தோடும் பரணோடும் காவலிருக்கும் பெண்ணோடும் சேர்ந்தே வரும் யானை. இன்றைய காப்புக் கவிதை விலங்கை மட்டும் பெயர்த்தெடுத்துக்கொண்டு தொழிலை விட்டுவிடுகின்றது.

பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்த செய்தி விலங்குக் காப்பு மேடைகளில் தவறாமல் எடுத்தாளப்படுவது. மேடையில் எடுத்தாளப்படாதது அதன் மறுபக்கம். புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள பாடல்களில் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகியோர் அதே பேகனிடம், அவனாற் கைவிடப்பட்ட மனைவி கண்ணகியின் பொருட்டு முறையிடுகின்றனர். பரணர் மயிலுக்கு ஈந்த போர்வையை அவனுக்கு நினைவூட்டிவிட்டே, தமக்குப் பசியில்லை, பரிசில் வேண்டாம், இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைக என்கிறார். மயிலின் நடுக்கத்திற்கு இரங்கிய கை, வீட்டுவாசலில் அழுதவளுக்கு நீளவில்லை. புரவலரைப் பாடி வாழ்ந்த புலவர் மரபே இம்முரணைக் கண்டு அரசன் முகத்துக்கு நேரே உரைத்தது. பேகனின் கொடையை மட்டும் மேற்கோள் காட்டுவோர், அப்பாடலிற் பாதியையே படித்தவராவர். சிறுத்தைக்கு ஒரு தினம் வகுத்த நாட்டில், கொழுந்து பறிக்கும் பெண்ணின் குடியிருப்புக் காணி இன்னும் தீராத பிரச்சினையாக நீடிப்பதைக் காணும்போது பரணரின் முறையீடு பழையதாகத் தோன்றவில்லை.

மக்கள் காத்தலும் போற்றுதலும் ஒன்றுபட்ட இடங்கள் இல்லாமலில்லை. தமிழ்நாட்டு வேடந்தாங்கல் அவற்றுள் ஒன்று. ஆங்கிலச் சிப்பாய்கள் ஏரியிற் பறவைகளைச் சுட்டபோது ஊரார் எதிர்த்து முறையிட்டனர்; செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் 1798இல் அவர்களது காப்புரிமையை ஏற்றார். ஊரார் பறவைகளை நேசித்தனர் என்பது உண்மை. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமாகும் என்று அறிந்திருந்தனர் என்பதும் உண்மை. பின்னதைச் சொல்ல எமது எழுத்தாளர் கூச்சப்படுகின்றனர், நேசம் மாசுபட்டுவிடும் போல. எமக்கோ அவ்வயலே அந்நேசத்தின் உறுதியான வேராகத் தோன்றுகின்றது. ஏரியும் வயலும் ஊராரின் வாழ்வோடு பிணைந்திருந்தமையாலேயே அந்நேசம் தலைமுறைகளைக் கடந்தது. அத்தகைய பிணைப்பு இல்லாத தோட்டப்புறத்து மக்களிடம் அதே நேசத்தைக் கோரிக் கவிதை எழுதுவது எளிது.

ஹந்தானையில் கோடைத்தீ பரவும்போது படையினரும் மாணவரும் அணைக்க ஏறுகின்றனர், புகைப்படங்கள் வெளிவருகின்றன. அத்தீயினால் நீரூற்று வற்றுவது மேல்லயத்துக் குடும்பங்களுக்கு. விடியற்காலையில் கூடையோடு மலைக்குச் செல்லும் பெண் தேயிலை வரிசைகளுக்கிடையே ஈரமண்ணிற் சிறுத்தையின் காற்தடத்தைக் காணுகையில் அச்சம் கொள்கிறாள். முன்தினம் காணாமற்போன நாயை நினைக்கிறாள். அன்றைய கொழுந்து நிறையையும் நினைக்கிறாள். இம்மூன்றும் ஒருங்கே இடம்பெறும் கவிதையை நாம் இதுவரை படிக்கவில்லை. மேல்லயங்களில் எழுதத் தொடங்கியுள்ள இளைஞரிடமிருந்து அதனை எதிர்பார்க்கின்றோம்.