மேசைக்கு வர வேண்டிய எக்ஸ்

பிள்ளைப்பாக்கத்தில் ரயில் ஓடுவதில்லை. ஸ்ரீபெரும்புதூரிலும் இல்லை. கார், லாரி, பைக், கண்ணாடி, செல்போன் என்று உலகத்துக்கே பொருள் செய்து அனுப்பும் இந்த வட்டாரத்தில் தண்டவாளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வாலாஜாபாத் பக்கம் போக வேண்டும். ஒரகடம் பக்கத்துக் கார்கள் அங்கேதான் ரயிலேறுகின்றன. செங்கல்பட்டு–அரக்கோணம் பாதையில் இருக்கும் அந்த ஸ்டேஷன் ஒரு காலத்தில் மீட்டர்கேஜ் ஸ்டேஷன். ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ஒரு பாதை போடும் திட்டம் பல வருடங்களாகப் பேச்சில் இருக்கிறது.

ஆனாலும் ரயில் ரசிகர்களின் ஆசை ஒன்றுக்கு இந்த ஊர்தான் பொருத்தமான முகவரி. நீராவி இன்ஜின் பிரியர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு சுற்றிச் சுற்றி நீலகிரிக்குத்தான் வரும். அந்த மலை ரயிலைத் தள்ளிக்கொண்டு ஏறும் எக்ஸ் வகுப்பு இன்ஜினை அளவு பிசகாமல் சுருக்கி, ஓடக்கூடிய மாடலாக வீட்டு மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. அப்படி ஒரு மாடலைச் செய்யத் தேவையான மெஷின்களும் கைகளும் பிள்ளைப்பாக்கம் சிப்காட்டைச் சுற்றியிருக்கும் டூல் ரூம்களில் இப்போதே இருக்கின்றன.

ஏன் எக்ஸ்? அழகான நீராவி இன்ஜின்களுக்கு இந்தியாவில் பஞ்சமில்லை. குண்டு போன்ற மூக்கில் நட்சத்திரம் பொறித்த டபிள்யூபி அகலப்பாதையின் ராணி. மீட்டர்கேஜில் தென் தமிழகம் முழுக்க ஓடிய ஒய்பியின் நீண்ட மெலிந்த உடம்பை இன்றைக்கும் கண்ணில் வைத்திருப்பவர்கள் விழுப்புரத்திலும் மதுரையிலும் உண்டு. அவற்றோடு பக்கத்தில் நிறுத்தினால் எக்ஸ் குட்டையானது, பெட்டி போன்றது, பார்த்தவுடன் மனசில் ஒட்டாதது. இருபுறமும் தண்ணீர்த் தொட்டி, எட்டு இயங்கு சக்கரங்கள், பின்னால் இரண்டு துணைச் சக்கரங்கள். ஓடத் தொடங்கினால்தான் அதன் அழகு தெரியும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-ல் திறக்கப்பட்டு, 1908-ல் உதகைக்கு நீண்ட பாதை அது. மொத்தம் 46 கிலோமீட்டர். கல்லாறு தாண்டிக் குன்னூர் வரைக்கும் ஏறக்குறைய 12 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும் சரிவு. வழுவழுப்பான சக்கரம் வழுவழுப்பான தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஏற முடியாத சரிவு அது. ஆகவே ஸ்விஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறைப்படி, இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய எஃகுப் பட்டைகள் இரண்டைப் பதித்தார்கள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லை விடாமல் கவ்விக்கொண்டே இருக்கும். இந்தப் பாதைக்காக ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்து எஸ்எல்எம் தொழிற்சாலை 1914 முதல் 1925 வரை 12 எக்ஸ் இன்ஜின்களையும், 1952-ல் இன்னும் 5 இன்ஜின்களையும் செய்து அனுப்பியது.

இனி ரசிகனின் கண்ணால் பார்க்க வேண்டிய இடம். எக்ஸ் இன்ஜினின் ஒவ்வொரு பக்கமும் இரண்டு சிலிண்டர்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. கீழே இருப்பது சாதாரண சக்கரங்களை ஓட்டுகிறது. மேலே இருப்பது பல்சக்கரத்தை ஓட்டுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரைக்கும் கீழ் ராடுகள் மட்டும் முன்னும் பின்னும் ஓடும். மேல் ராடுகள் அசையாமல் நிற்கும். கல்லாறில் பல்தண்டவாளம் தொடங்குகிறது. கீழ்ச் சிலிண்டரில் வேலை முடித்த நீராவி புகைபோக்கிக்குப் போகாமல் மேல் சிலிண்டருக்குத் திருப்பிவிடப்படுகிறது. மேல் ராடுகள் உயிர்பெறுகின்றன. இடையில் பற்சக்கரக் குறைப்பு இருப்பதால் அவை கீழ் ராடுகளைவிட வேகமாக, அதுவும் எதிர்த்திசையில் சுழல்கின்றன. கீழே நிதானமாக ஒரு தாளம், மேலே துரித காலத்தில் இன்னொரு தாளம். ஒரே இன்ஜினில், ஒரே நீராவியில், ஒரே நேரத்தில். ரயில் மனிதன் ஓடும் வேகத்தில் ஊர்ந்தாலும் புகைபோக்கிச் சத்தம் அவ்வளவு அவசரமாகக் கேட்பதற்கும் இதுதான் காரணம்: மலைமேல் வெளியேறுவது மேல் சிலிண்டர்களின் நீராவி.

இதைக் காட்டாத மாடலை எக்ஸ் என்று சொல்ல மனம் வராது. மலை ஊர்களின் கடைகளில் விற்கும் மர ரயிலுக்கும் பித்தளை ரயிலுக்கும் அவற்றின் இடம் உண்டு. குழந்தைகள் கையில் அவை சந்தோஷம்தான். ஆனால் அளவு மாடலின் ரசிகன் கேட்பது உருவத்தை மட்டும் அல்ல. இயக்கத்தையும் கேட்கிறான்.

எந்த அளவில் செய்வது என்பதில்தான் ரசிகர்களுக்குள் சண்டை. அகலப்பாதை ரயிலை மாடல் செய்ய விரும்பும் இந்தியருக்கு ஒரு பழைய தொல்லை உண்டு. உலகில் அதிகம் புழங்கும் 1:87 அளவுக்கான தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அது ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதையைச் சுருக்கி வந்த கணக்கு. நம்முடைய 1676 மில்லிமீட்டர் பாதையை 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். அந்த அகலத்தில் தண்டவாளம் கடையில் எளிதாகக் கிடைக்காது. ஆகவே டபிள்யூபி மாடலைக்கூடப் பெரும்பாலும் ஐரோப்பியத் தண்டவாளத்தில்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. உடம்பு இந்தியாவுடையது, கால் மட்டும் ஒடுங்கியது. கூர்ந்து பார்ப்பவர் கண்ணை அது உறுத்திக்கொண்டே இருக்கும்.

நீலகிரிப் பாதைக்கு இந்தத் தொல்லையே இல்லை. அது சரியாக 1000 மில்லிமீட்டர் மீட்டர்கேஜ். ஸ்விட்சர்லாந்தின் மலை ரயில்களும் பெரும்பாலும் அதே அகலம். அவற்றுக்காக 1:87 அளவில் 12 மில்லிமீட்டர் தண்டவாளமும், 1:22.5 அளவில் 45 மில்லிமீட்டர் தண்டவாளமும் பல ஆண்டுகளாகச் சந்தையில் இருக்கின்றன. எக்ஸ் மாடலுக்குத் தண்டவாளம் தயார். இன்ஜின்தான் வர வேண்டும்.

சின்ன அளவின் சவால் கணக்குப் போட்டால் விளங்கும். நீலகிரியின் பல்பட்டைகள் தண்டவாளத்தைவிட 64 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. பட்டைகள் இரண்டுக்கும் இடைவெளி 44 மில்லிமீட்டர். 1:87-ல் உயரம் முக்கால் மில்லிமீட்டர், இடைவெளி அரை மில்லிமீட்டர். அடுத்தடுத்த பற்களுக்கு இடையே உண்மையில் 120 மில்லிமீட்டர். மாடலில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. அதிலும் பல்லும் பள்ளமும் மாறி மாறி வரும் இரட்டைப் பட்டை. 1:22.5-க்குப் போனால் பல் இடைவெளி ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டும், கண்ணுக்குத் தெரியும், கைக்கு அடங்கும்.

வேகமும் ஒரு சோதனை. பல்தண்டவாளப் பகுதியில் ரயிலின் உச்ச வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர். 1:87-ல் அது நொடிக்கு நான்கு சென்டிமீட்டர் சொச்சம். மலிவான பொம்மை இன்ஜின் அந்த வேகத்தில் திக்கித் திக்கி நின்றுவிடும். நல்ல மோட்டார், பல படிக் குறைப்புள்ள கியர், மோட்டார் தண்டில் ஒரு சின்னக் கனச்சக்கரம் என்று மூன்றும் சேர்ந்தால்தான் எக்ஸ் ஊர்வதைப்போல் ஊரும். மாடலின் தரத்தை வேகமாக ஓட்டிப் பார்த்து அறிய முடியாது. மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மேல் ராடுகளை எப்படி ஓட்டுவது? உண்மையான இன்ஜினில் மேல் ராடு பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. மாடலில் இதைத் தலைகீழாக்கலாம். அடியில் இருக்கும் பல்சக்கரத்துக்கு மோட்டாரே வேண்டாம். பல்தண்டவாளத்தின் மேல் ஏறியதும் அது உருண்டு, சின்னக் கியர் வழியாக மேல் ராடுகளைச் சுழற்றட்டும். சமதளத்தில் மேல் ராடுகள் தானாக நிற்கும், மலையில் தானாக ஓடும், எதிர்த்திசையிலும் சுழலும். சுவிட்சோ எலக்ட்ரானிக்ஸோ தேவைப்படாது. அப்படிச் செய்தால் மேசைமேல் ஏறும் சரிவை மிதமாக வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது முன்னால் தள்ளும் பெட்டிகளைக் குறைக்க வேண்டும். ஏற்றத்தின் சுமை முழுவதையும் கீழ்ச் சக்கரங்களே தாங்குமே. அந்த விட்டுக்கொடுப்பு தகும்.

எக்ஸின் ஒன்றுவிட்ட சகோதரிக்கு இந்தப் பாக்கியம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. ஸ்விட்சர்லாந்தின் ஃபூர்கா கணவாய்ப் பாதைக்காக அதே எஸ்எல்எம் 1913–14-ல் செய்த எச்ஜி 3/4 இன்ஜின்களும் மீட்டர்கேஜ்தான், ஆப்ட் முறைதான், மேலும் கீழுமாக நான்கு சிலிண்டர்கள்தான். அவற்றில் நான்கை 1947-ல் வியட்நாமின் தலாத் மலைப்பாதைக்கு விற்றார்கள். பிறகு அவை காட்டில் துருப்பிடித்துக் கிடந்தன. 1990-ல் ஸ்விஸ் ஆர்வலர்கள் அங்கே போய் அவற்றைக் கப்பலேற்றிச் சொந்த மலைக்கே கொண்டுவந்தார்கள். அந்த இன்ஜினை ஜெர்மனியின் பெமோ நிறுவனம் 1:87-ல் மாடலாகச் செய்து விற்றது. டார்ஜிலிங்கின் பி வகுப்புக்கும் இங்கிலாந்தின் ரவுண்ட்ஹவுஸ் நிறுவனம் உண்மையான நீராவியிலேயே ஓடும் மாடல் செய்தது. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் டார்ஜிலிங்கோடு சேர்ந்துகொண்ட நீலகிரியின் இன்ஜினுக்கு மட்டும் ரசிகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

இந்தியாவில் பார்வையாளர் இல்லை என்று சொல்ல முடியாது. புனேயின் கோத்ரூட்டில் பி.எஸ்.ஜோஷி 1998-ல் திறந்த சிற்றுரு ரயில் அருங்காட்சியகத்துக்கு இன்றும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். தடை வேறு. ஒரு இன்ஜின் உடம்பை பிளாஸ்டிக்கில் வார்க்க மோல்டு வேண்டும். அடிச்சட்டத்தைத் துத்தநாகக் கலவையில் வார்க்க டை வேண்டும். முதல் மாடல் வெளியே வருவதற்குள் செலவில் பெரும் பகுதி இரும்பில் இறங்கிவிடும். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் அது திரும்பும். வாங்குபவர் சில நூறு பேர் என்றால் பெரிய நிறுவனம் திரும்பிப் பார்க்காது.

பிள்ளைப்பாக்கத்தின் பக்கம் பார்வை போவது இங்கேதான். இந்த வட்டாரத்தில் டேஷ்போர்டு கிளிப்பிலிருந்து செல்போன் சார்ஜரின் உறை வரைக்கும் மோல்டிலிருந்து விழுகிறது. ஸ்பார்க் மெஷினில் எலக்ட்ரோடு இறக்கி எஃகில் நுணுக்கமான குழி எடுக்கவும், வயர்கட்டில் மயிரிழை பிசகாமல் பல் வெட்டவும், பர் எடுத்துப் பாலிஷ் போடவும் தெரிந்த ஃபிட்டர்களுக்கு மூன்று ஷிஃப்டும் வேலை. மைக்ரானில் பேசிப் பழகியவர்களுக்கு 1:22.5 அளவில் ஐந்து மில்லிமீட்டர் பல் பெரிய பல். ரிவெட் தலை, கைப்பிடிக் கம்பி, குழாய் வளைவு எல்லாம் அவர்கள் அன்றாடம் செய்யும் வேலையைவிடக் கடினமானவை அல்ல. எஃகு மோல்டு வேண்டாம் என்றால் அலுமினியத்தில் சிறு எண்ணிக்கைக்கான மோல்டு செய்யலாம். ராடுகளைப் பித்தளைத் தகட்டில் அமிலம் வைத்து அரித்தெடுக்கலாம். முன்பணம் கட்டிய ரசிகர்களின் எண்ணிக்கைக்கு மட்டும் செய்து, கோத்துக்கொள்ளும் கிட் ஆகவும் கொடுக்கலாம். அயல்நாட்டுச் சின்ன நிறுவனங்கள் பல இப்படித்தான் பிழைக்கின்றன.

அளவுகளுக்கும் ஐரோப்பாவை நம்பி நிற்க வேண்டியதில்லை. திருச்சி பொன்மலைப் பணிமனை 2011-க்குப் பிறகு எண்ணெயில் எரியும் எக்ஸ் இன்ஜின்களைப் புதிதாகவே கட்டியது. 2021-ல் நிலக்கரியில் எரியும் ஒன்றையும் கட்டி அனுப்பியது. நூறு வருடத்துக்கு முந்தைய ஸ்விஸ் வடிவத்தின் ஒவ்வொரு பாகத்தையும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் மறுபடி அளந்து, வார்த்து, கடைந்திருக்கிறார்கள். முழு அளவில் முடிந்த வேலைதான் சின்ன அளவில் மிச்சமிருக்கிறது.

கடைசியில் எந்த எக்ஸ் என்ற கேள்வி. வின்டர்தூரின் பழைய நிலக்கரி இன்ஜினா, பொன்மலையின் எண்ணெய் இன்ஜினா? பழையதையே முதலில் செய்வது நியாயம். அதுவும் 45 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கு. மேல் ராடு வேகம் பிடிப்பதை எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரும் பார்க்க அந்த அளவுதான் சரி. பெயின்ட் புதுமெருகோடு பளபளக்கக் கூடாது. தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் உப்புக்கறையும், புகைபோக்கியைச் சுற்றிக் கரியும் வேண்டும். நிலக்கரி இன்ஜினுக்கும் எண்ணெய் இன்ஜினுக்கும் அடிச்சட்டமும் சக்கரமும் ராடும் பொதுவாகவே இருக்கலாம். எரிபொருள் வைக்கும் பகுதிக்கு மட்டும் மாற்றிப் பொருத்தும் இன்சர்ட் ஒன்றுக்கு மோல்டில் முதல் நாளே இடம் விட்டுவைத்தால், பொன்மலைக்காரர்களின் இன்ஜினும் இரண்டாவது லாட்டில் அதே மெஷினிலிருந்து இறங்கும்.